தொடக்கப்பள்ளி மாணவர்களுக்குக் கொஸ்டின் டேக் கற்பித்தல்: படிப்படியான முழுமையான வழிகாட்டி

"ஷீ இஸ் எ டாக்டர், இஸன்ட் ஷீ?" என்ற வாக்கியத்தின் வாலில் நிற்கும் இரண்டு சொல் கேள்விதான் கொஸ்டின் டேக். நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் இதைக் கற்பிக்கும் முறை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. முதல் நாளே கரும்பலகையில் நீண்ட அட்டவணை ஏறிவிடுகிறது. மாணவர்கள் அதைப் பார்த்தெழுதுகிறார்கள். கோடிட்ட இடங்களையும் சரியாக நிரப்பிவிடுகிறார்கள். அடுத்த வாரம் தாமாக ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால், எதைச் சொன்னாலும் "இஸன்ட் இட்?" என்று முடிக்கிறார்கள்.

இதற்குக் காரணம் மாணவரின் கவனக்குறைவு அன்று. "அவர் மருத்துவர், இல்லையா?", "நேற்று மழை பெய்தது, இல்லையா?", "உனக்கு நீந்தத் தெரியும், இல்லையா?" என்று தமிழில் ஒரே சொல் எல்லா வாக்கியத்துக்கும் பொருந்திவிடுகிறது. ஆங்கிலத்திலோ எழுவாய் யார், காலம் எது, துணைவினை ("இஸ்", "கேன்", "டிட்" போன்ற சொல்) எது என்ற மூன்றையும் திரும்பிப் பார்த்த பிறகே டேக் அமைகிறது. ஆகவே மாணவருக்குத் தேவைப்படுவது பட்டியல் அன்று. எந்த வாக்கியத்திலிருந்தும் டேக்கைத் தானே வருவித்துக்கொள்ளும் ஒரே ஒரு செய்முறை. வாக்கியத்தைக் கேள்வியாக்கு, அந்தக் கேள்வியின் முதல் இரண்டு சொற்களை எடுத்துக்கொள் என்பதே அந்தச் செய்முறை. கீழே உள்ள படிகள் அனைத்தும் அதைச் சுற்றியே அமைந்துள்ளன.

எடுத்துக்காட்டுகளை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறேன். வகுப்பில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டும்.

1. தொடங்குமுன் மாணவரிடம் இருக்க வேண்டியவை

யெஸ் அல்லது நோ என்று பதில் வரும் கேள்வியை அமைக்கத் தெரியாத மாணவருக்கு டேக் கற்பிப்பது வீண் உழைப்பு. முதலில் ஐந்து வாக்கியங்களைச் சொல்லி, அவற்றை வாய்மொழியாகக் கேள்வியாக்கச் சொல்லுங்கள். இரண்டில் "இஸ்", "ஆர்" போன்றவை இருக்கட்டும், ஒன்றில் "கேன்" இருக்கட்டும், மீதி இரண்டில் துணைவினை வெளிப்படையாக இல்லாமல் இருக்கட்டும்.

"ஹீ பிளேஸ் ஃபுட்பால்" என்பதை "இஸ் ஹீ பிளேஸ் ஃபுட்பால்?" என்று மாற்றுகிற மாணவர் வகுப்பில் பாதிப்பேர் இருந்தால், டேக்கைத் தள்ளிவைத்துவிட்டு இரண்டு பாடவேளைகளைக் கேள்வி அமைப்பதற்கே ஒதுக்குங்கள். இந்தப் பிழையோடு டேக்குக்குள் நுழைபவர் அங்கேயும் இதையே செய்வார். அப்போது திருத்துவது இருமடங்கு கடினம்.

அடுத்ததாக, சுருக்க வடிவங்கள் நாவில் பழகியிருக்க வேண்டும். "இஸன்ட்", "ஆரன்ட்", "டஸன்ட்", "டிடன்ட்" ஆகியவை ஒரே அச்சில் வார்த்தவை என்பதால் எளிதில் வந்துவிடும். "வில்" என்பது "வோன்ட்" ஆவதையும் "கேன்" என்பது "கான்ட்" ஆவதையும் தனியாகச் சொல்லிப் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் "வில்லன்ட்" என்று ஒரு சொல் வகுப்பில் பிறந்து, நிலைத்தும் விடும்.

மூன்றாவதாக, ஆண், பெண், பொருள், பன்மை ஆகியவற்றுக்கு உரிய பிரதிப்பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும். பொருள்களாக நீளமான தாள் பட்டைகள், கத்தரிக்கோல், இரண்டு நிறச் சுண்ணக்கட்டிகள் ஆகியவை போதும்.

2. விதிக்கு முன் செவிப்பழக்கம்

இலக்கணத்தைத் தொடுவதற்கு முந்தைய வாரம் முழுவதும், வகுப்பில் இயல்பாகப் பேசும்போதே நாளுக்கு மூன்று நான்கு டேக்குகளைக் கலந்து பேசுங்கள். "யூ ஆர் ரெடி, ஆரன்ட் யூ?" "மீனா கேன் ரீட் திஸ், கான்ட் ஷீ?" "வீ ஃபினிஷ்ட் திஸ் லெசன், டிடன்ட் வீ?" என்பன போன்றவை போதும். மாணவர்கள் தலையாட்டினாலே போதுமானது. திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டாம். ஓசை காதில் ஏறியிருந்தால், பின்னர் விதியைக் கேட்கும்போது அது அந்நியமாகத் தோன்றாது.

இந்த வாரத்தில் ஆசிரியர் தம்மையும் கவனித்துக்கொள்ள வேண்டும். நாமும் பழக்கத்தால் "யூ ஹேவ் ரிட்டன் இட், இஸன்ட் இட்?" என்று சொல்லிவிடுவதுண்டு. மாணவர்கள் விதியைவிட நம் வாயைத்தான் நம்புவார்கள்.

3. தாள் பட்டையை வெட்டுதல்

முதல் பாடவேளையில் "இஸ்", "ஆர்", "வாஸ்", "வேர்" ஆகிய நான்கு மட்டும் போதும். எழுவாய் ஏற்கெனவே பிரதிப்பெயராக உள்ள உடன்பாட்டு வாக்கியங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் ஒரு சிக்கல்தான் மாணவர் முன் நிற்க வேண்டும். பெயரை மாற்றுவதும் எதிர்மறையும் பின்னர் வரும்.

கரும்பலகையில் "ஷீ இஸ் எ டாக்டர்" என்று எழுதுங்கள். அதை எதிர்மறைக் கேள்வியாக மாற்றச் சொல்லுங்கள்: "இஸன்ட் ஷீ எ டாக்டர்?" இந்தக் கேள்வியை ஒரு தாள் பட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, இரண்டாவது சொல்லுக்குப் பின் எல்லார் கண்முன்னும் வெட்டுங்கள். கையில் எஞ்சிய "இஸன்ட் ஷீ" என்ற துண்டை, பலகையிலுள்ள வாக்கியத்தின் முடிவில் ஒட்டுங்கள்.

இந்த இடத்தில் அவசரப்படாமல் நின்று, ஒட்டியதைக் கூர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். மூன்று குறைகள் இருக்கும். கேள்விக்குறி, வெட்டியெறிந்த துண்டோடு போய்விட்டது. கேள்வியின் தொடக்கத்தில் இருந்த பெரிய எழுத்து இப்போது வாக்கியத்தின் நடுவில் நிற்கிறது. வாக்கியத்துக்கும் துண்டுக்கும் இடையில் காற்புள்ளி இல்லை. மூன்றையும் மாணவர்களே கண்டுபிடித்து வண்ணச் சுண்ணத்தால் திருத்தட்டும். நிறுத்தக்குறிகளைத் தனிப் பாடமாக நடத்தினால் மறந்துவிடுவார்கள். ஒட்டுப்போட்ட இடத்தில் கண்ட குறை மறப்பதில்லை.

பின்னர் ஒவ்வொரு மாணவரும் இரண்டு பட்டைகளையாவது தம் கையால் வெட்டி ஒட்ட வேண்டும். சிலர் மூன்றாவது சொல்லையும் சேர்த்து வெட்டுவார்கள். அவர்களிடம் விதியைச் சொல்லாமல், ஒட்டிய வாக்கியத்தை உரக்கப் படிக்கச் சொன்னால் போதும். "எ டாக்டர்" இருமுறை வருவது அவர்கள் காதிலேயே இடறும்.

சுருக்காமல் எழுதும் மாணவரும் ஒருவர் இருப்பார்: "இஸ் நாட் ஷீ?" அன்றாட ஆங்கிலத்தில் எதிர்மறை டேக் சுருக்க வடிவத்தில்தான் வரும். சுருக்காமல் எழுதினால் "இஸ் ஷீ நாட்?" என்று வரிசை மாறும், அது மிக முறைசார்ந்த நடை என்பதால் தொடக்கப்பள்ளிக்குத் தேவையில்லை.

4. பெயரைப் பிரதிப்பெயராக்குதல்

டேக்கில் பிரதிப்பெயர் மட்டுமே வரும், பெயர் வராது. "மீனா இஸ் டால், இஸன்ட் மீனா?" என்ற பிழைக்கு மருந்து, கேள்வியாக்குவதற்கு முன்பே எழுவாயின் மேல் பிரதிப்பெயரை எழுதிவைப்பதுதான். மீனா என்ற சொல்லுக்கு மேலே "ஷீ" என்று எழுதியான பிறகே அடுத்த வேலை தொடங்க வேண்டும். வரிசை மாறினால் மறதி வரும்.

நீண்ட எழுவாயில் சிறுவர்கள் அருகிலிருக்கும் பெயரைப் பிடித்துக்கொள்வார்கள். "தி பாக்ஸ் ஆஃப் பென்சில்ஸ் இஸ் ஹெவி" என்ற வாக்கியத்தில் பென்சில்களைப் பார்த்து "தே" என்று எழுதுவார்கள். கனமாக இருப்பது பெட்டி என்பதைக் காட்டி "இட்" என்று மேலே எழுதச் செய்யுங்கள். "மீனா அண்ட் ஐ" என்பது "வீ" ஆகும். "யூ அண்ட் மீனா" என்பது "யூ" ஆகும். இவ்விரண்டுக்கும் தனிப் பயிற்சி வேண்டும்.

"திஸ்", "தட்" ஆகியவை "இட்" ஆகும்; "தீஸ்", "தோஸ்" ஆகியவை "தே" ஆகும். "தேர்" மட்டும் மாறாமல் அப்படியே திரும்ப வரும்: "தேர் இஸ் எ மேப் ஆன் தி வால், இஸன்ட் தேர்?"

5. மற்றத் துணைவினைகள்

"கேன்", "குட்", "வில்", "வுட்", "ஷுட்", "ஹேஸ்", "ஹேவ்", "ஹேட்" ஆகியவற்றை இப்போது சேர்க்கலாம். பட்டை முறையே இங்கும் செல்லும். அரைப் பாடவேளை போதும். வாக்கியத்தில் இரண்டு துணைவினைகள் வந்தால் முதலாவதை எடுக்க வேண்டும் என்பது மட்டுமே புதிய செய்தி: "ஹீ ஹேஸ் பீன் வெயிட்டிங், ஹேஸன்ட் ஹீ?"

"ஹேஸ்", "ஹேவ்", "ஹேட்" துணைவினையாக வந்த வாக்கியங்களை மட்டும் இங்கே தாருங்கள். அவை முதன்மை வினையாக நிற்கும் வாக்கியங்கள் அடுத்த படியைச் சேர்ந்தவை.

6. துணைவினை கண்ணுக்குத் தெரியாத வாக்கியங்கள்

பாடத்தின் மிகக் கடினமான படி இதுதான். எனவே மற்றப் படிகளைச் சுருக்கியாவது இதற்கு இரண்டு பாடவேளைகள் கொடுங்கள். "மை பிரதர் பிளேஸ் ஃபுட்பால், பிளேஸன்ட் ஹீ?" என்று ஒரு மாணவர் எழுதினால், அவர் விதியைத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை, வினைச்சொல்லோடு "நாட்" சேர்க்க வேண்டும் என்று சரியாகவே ஊகித்து, தவறான வினையோடு சேர்த்திருக்கிறார். அந்த ஊகத்தைப் பாராட்டிவிட்டுத் திருத்துவது பலன் தரும்.

இங்கே வினைச்சொல்லை இரண்டாகப் பிரித்துக் காட்டுங்கள். "பிளேஸ்" என்பதற்குள் "டஸ்" என்பதும் "பிளே" என்பதும் ஒளிந்திருக்கின்றன. "பிளே" என்பதற்குள் "டூ" ஒளிந்திருக்கிறது. "பிளேட்" என்ற இறந்தகால வடிவத்துக்குள் "டிட்" ஒளிந்திருக்கிறது. கேள்வி கேட்டவுடன் ஒளிந்திருந்தது வெளியே வந்து வாக்கியத்தின் முன்னால் நின்றுவிடுகிறது: "டஸன்ட் ஹீ பிளே ஃபுட்பால்?" வெளியே வந்ததும் "பிளேஸ்" என்பதிலிருந்த எஸ் எழுத்து காணாமல் போவதை மாணவரே சொல்லட்டும். பின்னர் வழக்கம்போல இரண்டு சொற்களை வெட்டலாம்: "டஸன்ட் ஹீ?"

முதல் பாடவேளையில் "டூ", "டஸ்" மட்டும் நடத்துங்கள். "டிட்" அடுத்த நாள். மூன்றையும் ஒரே நாளில் தந்தால் எல்லாவற்றுக்கும் "டோன்ட்" என்று எழுதும் பழக்கம் வந்துவிடும்.

இறந்தகாலத்தில் ஒழுங்கற்ற வினைகள் தடுக்கி விழச்செய்யும். "வென்ட்", "ஏட்", "பாட்" போன்றவற்றை நிகழ்கால வடிவத்தோடு இணைத்து நினைவுகூரத் தெரியாவிட்டால் "டிடன்ட்" வராது. "புட்", "கட்" ஆகிய சொற்கள் நிகழ்காலத்திலும் இறந்தகாலத்திலும் ஒன்றுபோலவே இருப்பதால், "ஷீ புட் தி புக் ஆன் தி டேபிள்" என்ற வாக்கியத்தில் குழப்பம் வரும். எழுவாய் "ஷீ" ஆக இருந்தும் வினையில் எஸ் இல்லை என்றால் அது இறந்தகாலம் என்ற தடயத்தைக் காட்டுங்கள்; மாணவர்கள் துப்பறிவதை விரும்புவார்கள்.

இனி "ஹேட்". "தே ஹேட் லஞ்ச் அட் ஒன்" என்பதில் "ஹேட்" முதன்மை வினை, ஆகவே டேக் "டிடன்ட் தே?" ஆகும். "தே ஹேட் ஃபினிஷ்ட் லஞ்ச்" என்பதில் அது துணைவினை, ஆகவே "ஹேடன்ட் தே?" ஆகும். பின்னால் இன்னொரு வினை வருகிறதா என்று பார்ப்பதே சோதனை. இந்தச் சோதனைக்கு அடங்காதது "ஹேவ் டு": "யூ ஹேவ் டு கோ" என்பதில் பின்னால் வினை வந்தாலும் டேக் "டோன்ட் யூ?" தான். உடைமையைக் குறிக்கும் "ஷீ ஹேஸ் எ சைக்கிள்" என்ற வாக்கியத்துக்கு "டஸன்ட் ஷீ?" என்பது இன்று பரவலான வழக்கு, "ஹேஸன்ட் ஷீ?" என்பதும் பழைய பிரிட்டிஷ் வழக்கில் உண்டு. உங்கள் பாடநூல் எதை ஏற்கிறதோ அதை மட்டும் கற்பியுங்கள். ஆனால் மற்றதை எழுதியவருக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள்.

7. எதிர்மறை வாக்கியங்கள்

உடன்பாட்டு வாக்கியத்துக்கு எதிர்மறைக் கேள்வியை வெட்டினோம். எதிர்மறை வாக்கியத்துக்குச் சாதாரணக் கேள்வியை வெட்டுகிறோம். "ஹீ இஸன்ட் அட் ஹோம்" என்றால் பட்டையில் எழுத வேண்டியது "இஸ் ஹீ அட் ஹோம்?" வெட்டினால் கிடைப்பது "இஸ் ஹீ?"

ஆறாம் படிக்குப் பின் இதை வைப்பதற்குக் காரணம் உண்டு. எதிர்மறை வாக்கியத்தில் "டஸன்ட்", "டிடன்ட்" ஆகியவை வெளிப்படையாகவே இருப்பதால், ஒளிந்திருப்பதைத் தேடும் உழைப்பே இல்லாமல் போகிறது. இந்த எளிமையை முதலில் கொடுத்துவிட்டால், பின்னர் தேடும் பழக்கத்துக்கு மாணவர் வரமாட்டார்.

"நெவர்" என்ற சொல்லில் "நாட்" இல்லாவிட்டாலும் பொருளால் அது எதிர்மறையே: "ஷீ நெவர் டெல்ஸ் லைஸ், டஸ் ஷீ?" ஐந்தாம் வகுப்பில் இதை மட்டும் சேர்க்கலாம். "ஹார்ட்லி", "செல்டம்", "ஃபியூ" போன்றவற்றை மேல்வகுப்புக்கு விட்டுவிடுவதே நல்லது.

8. பதில் சொல்லுதல்

பல வகுப்புகளில் இந்தப் படியே இல்லை. டேக்கைச் சரியாக அமைக்கத் தெரிந்த மாணவர்கூடப் பதிலில் தவறுவார். "யூ ஆரன்ட் டயர்ட், ஆர் யூ?" என்று கேட்டால், களைப்பில்லாத மாணவர் "யெஸ், ஐ ஆம் நாட்" என்பார். தமிழில் "ஆமாம், களைப்பில்லை" என்று கேட்டவரின் கூற்றை ஒப்புக்கொள்வதே இயல்பு. ஆங்கிலத்திலோ யெஸ், நோ இரண்டும் கேட்டவரைப் பார்ப்பதில்லை. உண்மை நிலையையே பார்க்கின்றன. நடப்பது உடன்பாடானால் யெஸ், எதிர்மறையானால் நோ; கேள்வி எப்படி அமைந்திருந்தாலும் சரி.

இதை விளக்கிப் பயனில்லை. கையில் பொருளை வைத்துக்கொண்டு பழக்க வேண்டும். ஒரு பென்சிலைத் தூக்கிக் காட்டி, "திஸ் இஸ் எ பென்சில், இஸன்ட் இட்?" என்று கேளுங்கள்: "யெஸ், இட் இஸ்." அதே பென்சிலைக் காட்டி, "திஸ் இஸன்ட் எ பென்சில், இஸ் இட்?" என்று கேளுங்கள். வகுப்பு ஒரு கணம் திகைக்கும். பென்சிலையே பார்க்கச் சொல்லுங்கள், இது பென்சில்தான், ஆகவே பதில் மாறவில்லை: "யெஸ், இட் இஸ்." பின்னர் பேனாவை எடுத்து அதே இரண்டு கேள்விகளையும் கேட்டால், இரண்டுக்கும் பதில் "நோ, இட் இஸன்ட்." கேள்வி மாறினாலும் பதில் மாறுவதில்லை என்பதைக் கண்ணால் கண்டபின் பெரும்பாலோர் தெளிந்துவிடுவார்கள். நாளுக்கு ஐந்து நிமிடம் வீதம் ஒரு வாரம் இந்தப் பயிற்சி நடக்கட்டும்.

9. குரலின் ஏற்றமும் இறக்கமும்

டேக்கின் குரல் இறங்கினால், பேசுபவருக்கு விடை தெரியும், ஒப்புதலை மட்டும் எதிர்பார்க்கிறார் என்று பொருள். குரல் ஏறினால் உண்மையாகவே கேட்கிறார். ஒரே வாக்கியத்தை இரண்டு குரலில் சொல்லி, தெரிந்து கேட்கிறேனா தெரியாமல் கேட்கிறேனா என்று மாணவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். கையை மேலும் கீழும் அசைத்துக் காட்டினால் போதும். இதற்கு மதிப்பெண் வைக்க வேண்டியதில்லை.

10. விதிவிலக்குகளில் எவை, எப்போது

பட்டை முறைக்கு அடங்காதவற்றை ஒவ்வொன்றாக, நாளுக்கு ஒன்றுக்கு மேல் போகாமல் தாருங்கள். முதலில் "ஐ ஆம்". "ஆம்" என்பதற்கு வழக்கில் சுருக்க எதிர்மறை வடிவம் இல்லாததால் "ஆரன்ட் ஐ?" என்பது நிலைத்துவிட்டது: "ஐ ஆம் லேட், ஆரன்ட் ஐ?" ஆனால் "ஐ ஆம் நாட் லேட்" என்றால் டேக் வழக்கம்போல "ஆம் ஐ?" ஆகிவிடும். இதை மறந்து இரண்டுக்கும் "ஆரன்ட் ஐ" எழுதுவது பரவலான பிழை.

"லெட்ஸ்" என்று தொடங்கினால் "ஷல் வீ?" கட்டளை வாக்கியத்துக்கு "வில் யூ?" போதும்; "டோன்ட்" என்று தொடங்கும் கட்டளைக்கும் அதுவே. உடன்பாட்டுக் கட்டளைக்கு "வோன்ட் யூ?", "குட் யூ?" ஆகியவையும் வழக்கில் உண்டு, அவற்றை எழுதினால் தவறென்று அடிக்க வேண்டாம்.

"எவ்ரிபடி", "நோபடி" ஆகியவற்றுக்கு டேக்கில் "தே" வரும். "எவ்ரிபடி இஸ் ஹியர், ஆரன்ட் தே?" என்பதில் வாக்கியத்தில் "இஸ்", டேக்கில் "ஆர்" என்று மாறுவது சிறுவர்களுக்கு விளங்காமல் எரிச்சலூட்டும். தேர்வில் கேட்கப்படாதென்றால் நான் இதைத் தொடக்கப்பள்ளியில் நடத்தமாட்டேன்.

ஆசிரியருக்காக மட்டும் ஒன்று: "ஸோ யூ ஆர் தி நியூ கேப்டன், ஆர் யூ?" என்பதுபோல உடன்பாட்டு வாக்கியத்துக்குப் பின் உடன்பாட்டு டேக் வருவதும் ஆங்கிலத்தில் உண்டு. ஆர்வத்தையோ வியப்பையோ காட்டும் வழக்கு அது. கதையில் இதைக் கண்டு ஒரு மாணவர் கேட்டால், அச்சுப்பிழை என்று சொல்லிவிட வேண்டாம்.

11. பயிற்சியும் திருத்தமும்

கோடிட்ட இடம் நிரப்புவதை மட்டும் பயிற்சியாகத் தராதீர்கள். டேக்கைக் கொடுத்து வாக்கியத்தை எழுதச் சொல்லும் தலைகீழ்ப் பயிற்சி, புரிதலை உடனே காட்டிவிடும். "டிடன்ட் தே?" என்ற இரண்டு சொல்லைப் பார்த்து, பன்மை எழுவாயும் இறந்தகாலமும் உடன்பாடும் கொண்ட ஒரு வாக்கியத்தை மாணவர் எழுதினால் அவருக்குப் பாடம் வந்துவிட்டது. அடுத்ததாக இருவர் இருவராக அமர்ந்து, எதிரே இருப்பவரைப் பற்றித் தெரிந்ததையும் ஊகித்ததையும் டேக்கோடு சொல்லிச் சரிபார்க்கட்டும். டேக்கின் உண்மையான வேலை அதுதான். அது நடக்கும்போது பிழைகளைக் குறித்துக்கொள்ளுங்கள், நடுவில் குறுக்கிடாதீர்கள்.

"ஷீஸ்" என்ற சுருக்கத்துக்குள் "ஷீ இஸ்", "ஷீ ஹேஸ்" இரண்டும் ஒளிந்திருக்கலாம். "ஹீட்" என்பதற்குள் "ஹீ ஹேட்", "ஹீ வுட்" இரண்டும் இருக்கலாம். இவ்வகை வாக்கியங்களை முதல் தேர்வில் சேர்க்காதீர்கள். அதில் தவறுபவர் டேக்கில் தவறினாரா, சுருக்கத்தைப் பிரிப்பதில் தவறினாரா என்று உங்களால் சொல்ல முடியாது.

குறிப்பேட்டைத் திருத்தும்போது விடையின் மேல் பெருக்கல் குறி போட்டுச் சரியான டேக்கை எழுதிவிட்டால், மாணவர் அதைப் பார்த்தெழுதுவார், அவ்வளவுதான். பிழை எந்தப் படியில் நடந்தது என்று பார்த்து அந்தப் படியின் எண்ணை ஓரத்தில் எழுதுங்கள். "இஸன்ட் மீனா" என்றால் நான்கு. "பிளேஸன்ட் ஹீ" என்றால் ஆறு. "டிடன்ட்" வர வேண்டிய இடத்தில் "டோன்ட்" வந்திருந்தாலும் ஆறுதான். எண்ணைக் கண்ட மாணவர் அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் கேள்வியை முழுமையாக எழுதி, இரண்டு சொல்லுக்குப் பின் கோடு போட்டுக் காட்ட வேண்டும். ஒரே எண் வகுப்பில் பலருடைய குறிப்பேட்டில் தென்பட்டால், அடுத்த பாடவேளையை அந்தப் படியிலிருந்தே தொடங்குங்கள்.